நாகரத்தினம்மாள் பதிப்பித்த புத்தகம்

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கு எதிரே ஒரு அம்மாளின் சிலை கைகூப்பியபடி இருக்கும். சில வருஷங்களுக்கு முன் ஆராதனைக்குப் போயிருந்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் அவருடைய பேத்தி, "தாத்தா, இது யாரு?" என்று கேட்டாள். "இந்தக் கோயிலக் கட்டுன அம்மா. பெரிய பக்தை. கும்பிட்டுக்கோ" என்றார் அவர். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தையெல்லாம் போட்டு எழுப்பிய கோயில்தான் அது. 1925-ல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் அதே அம்மாள் 1910-ல் ஒரு புத்தகத்தைப் பதிப்பித்தார். அடுத்த வருஷமே அது ஆபாசம் என்று சொல்லிப் போலீஸ் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. 36 வருஷம் அந்தப் புத்தகம் தடையில் கிடந்தது. சிலைக்கு முன்னால் நிற்கிறபோது இதை யாரும் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றி. கொஞ்ச நாளாகவே ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. புத்தகத்திலோ சினிமாவிலோ "இதையெல்லாம் பேசக்கூடாது" என்று ஒரு சமூகம் சொல்கிறபோது, எதைப் பேசக்கூடாது என்கிறது? விஷயத்தையா, சொல்கிற விதத்தையா, சொல்கிற ஆளையா? பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இது எங்கும் போய்ச் சேராது. அதனால் ஒரே ஒரு நூலின் கதையை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன்.

தஞ்சாவூரில் ஒரு தெலுங்குக் கவிஞர்

நூலின் பெயர் 'ராதிகா சாந்த்வனம்'. ராதையைச் சமாதானப்படுத்துவது என்று பொருள். 584 பாடல்கள். எழுதியவர் முத்துப்பழனி. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங்கின் அரசவையில் இருந்த கணிகை.

மராட்டிய ராஜா, தமிழ் ஊர், தெலுங்குக் கவிதை, இதென்ன கலவை என்று தோன்றலாம். தஞ்சையில் மராட்டியருக்கு முன் ஆண்ட நாயக்கர்கள் தெலுங்கைத் தங்கள் அவை மொழியாக வைத்திருந்தார்கள். ஆட்சி கைமாறியும் அந்த வழக்கம் போகவில்லை. சங்கீதத்தில் தெலுங்கு அப்படி ஊன்றிக்கொண்டதும் இந்த மண்ணில்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த அவையில் பெண் கவிஞர் என்பது புதுமை கிடையாது. ரகுநாத நாயக்கர் காலத்து ராமபத்ராம்பா வடமொழியில் காவியம் செய்தவர். விஜயராகவ நாயக்கர் அவையில் இருந்த ரங்காஜம்மா தெலுங்கில் எழுதியவர். முத்துப்பழனி அந்த வரிசையில் வந்தவர்.

கதை எளிமையானது. ராதை இளை என்கிற பெண்ணைச் சிறு வயதிலிருந்து வளர்க்கிறாள். அவள் பருவம் எய்தியதும் தானே முன்நின்று கிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுக்கிறாள். புதுப்பெண் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அவளிடம் கிருஷ்ணன் எவ்வளவு மென்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று இருவருக்கும் புத்தி சொல்லி அனுப்புகிறாள். கதவு சாத்திய பிறகுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தானே கொடுத்த ஆளை நினைத்துத் தானே வேகிறாள், கோபப்படுகிறாள், கிருஷ்ணனை ஏசுகிறாள். அவன் வந்து கெஞ்சிச் சமாதானப்படுத்துகிறான். அவ்வளவுதான் கதை.

ராதையின் ஊடலும் கண்ணன் பணிவதும் ஜெயதேவர் காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முத்துப்பழனி செய்த மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அவருடைய ராதை அனுபவப்பட்டவள். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவள். அதை வாய்விட்டுக் கேட்கிறவள். ஆசைப்படுகிறவளும் அவள்தான், சமாதானம் செய்யப்படுகிறவளும் அவள்தான்.

நூலின் முகப்பில் கவிஞர் தன்னைப் பற்றிச் சொல்லும் பகுதி எனக்குக் காவியத்தை விடவும் முக்கியமாகப் படுகிறது. வழக்கமாகக் கவிராயர்கள் தந்தை, பாட்டன், பூட்டன் என்று வம்சம் சொல்வார்கள். முத்துப்பழனி தன் பாட்டி தஞ்சநாயகி வழியாகப் பெண்களைச் சொல்கிறார். தன் கல்வியைச் சொல்கிறார், அழகைச் சொல்கிறார், புலவர்கள் தன்மேல் வைத்த மதிப்பைச் சொல்கிறார். கூச்சமே கிடையாது. இதே முத்துப்பழனிதான் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பாடியவர் என்பதையும் இங்கேயே குறித்துவைக்கிறேன். பக்தியையும் சிருங்காரத்தையும் இரண்டு தனி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற பழக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கத்தரித்த பதிப்பும் முழுப் பதிப்பும்

நூறு வருஷத்துக்கு மேல் இது சுவடியில் இருந்தது. சி.பி. பிரௌன் துரையோடு வேலை பார்த்த பைடிபாட்டி வெங்கடநரசு 1887-ல் இதை அச்சிட்டார். பெண்வழி வம்சம் சொல்லும் அந்த முகப்பும் சில பாடல்களும் அதில் விடுபட்டிருந்தன.

அடுத்து வந்தவர் கந்துகூரி வீரேசலிங்கம். சாதாரண ஆள் இல்லை. 1881-ல் ராஜமுந்திரியில் விதவை மறுமணம் நடத்திவைத்தவர், பெண் கல்விக்காக உழைத்தவர், நவீனத் தெலுங்கு உரைநடையை உருவாக்கியவர்களில் ஒருவர். தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றை எழுதும்போது முத்துப்பழனியைப் பற்றியும் எழுதினார். அவர் புலமையை மறுக்காமலேயே, இவள் வேசி, பெண்ணுக்குரிய நாணம் இல்லாமல் எழுதியிருக்கிறாள், ஒரு பெண் காதால் கேட்கவும் கூசுகிற விஷயங்கள் இவை என்கிற பொருளில் எழுதி ஒதுக்கிவிட்டார்.

1878-ல் மைசூர்ச் சீமை நஞ்சன்கூட்டில் பிறந்து, சென்னைக்கு வந்து, பாட்டில் பெரும் பேரும் பணமும் சம்பாதித்தவர் நாகரத்தினம்மாள். கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் கற்றவர். தஞ்சைக் காலத் தெலுங்கு இலக்கியம் பற்றிய ஒரு நூலில் முத்துப்பழனியின் பெயரைப் பார்க்கிறார். நூலைத் தேடுகிறார், லேசில் கிடைக்கவில்லை. கிடைத்த அச்சுப் பிரதியையும் ஒரு சுவடியையும் ஒப்பிட்டுப் பார்த்தால், முகப்பையே காணோம். ஆக, யாரோ கவிஞரின் வாயை மூடியிருக்கிறார்கள். உடனே முழு நூலையும் தானே பதிப்பிப்பது என்று முடிவு செய்தார். சென்னையில் புகழ்பெற்ற தெலுங்குப் பதிப்பகமான வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் 1910-ல் வெளியிட்டது.

அந்தப் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையில் இரண்டு காரியம் செய்கிறார். முதலாவது, தான் ஏன் இதைப் பதிப்பித்தேன் என்கிறார். எத்தனை தடவை படித்தாலும் திரும்பப் படிக்கத் தோன்றுகிறது, இதை எழுதியவர் ஒரு பெண், அதிலும் நம் குலத்தில் பிறந்தவர் என்பது அவர் சொல்லும் காரணம். அந்த "நம் குலத்தில்" என்பதைச் சும்மா கடந்துபோகக் கூடாது. நாட்டியத்தை ஒழிக்கும் இயக்கம் 1890-களிலேயே சென்னையில் சூடுபிடித்துவிட்டது. பெரிய மனிதர்கள் கூடி, சதிர்க் கச்சேரிக்கு அதிகாரிகள் போகக்கூடாது என்று வைஸ்ராய்க்கே மனுப் போட்ட காலம். தேவதாசி என்றால் ஒளித்துக்கொள்ள வேண்டிய சொல்லாக ஆகிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு அம்மாள் அச்சில், தன் பேரைப் போட்டு, "எங்கள் குலத்துக் கவிஞர்" என்கிறார்.

இரண்டாவது, வீரேசலிங்கத்துக்குப் பதில் சொல்கிறார். வெட்கம், நாணம் எல்லாம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா என்று கேட்கிறார். அதோடு விடவில்லை. பந்துலுவே பார்த்துச் சரிசெய்து பாடப்புத்தகமாகச் சிபாரிசு செய்த 'வைஜயந்தி விலாசம்' என்ற நூலில் இருக்கிறதை விடவா இதில் இருக்கிறது என்று குறிப்பாக ஒரு கேள்வி வைக்கிறார். அந்த ஒரு கேள்விதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது.

வைஜயந்தி விலாசத்தில் என்ன இருக்கிறது?

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும், பெயர்தான் புதுசாக இருக்கும். சாரங்கு தம்மய்யா எழுதிய அந்தக் காவியம் விப்ரநாராயணர் கதை. நம்முடைய தொண்டரடிப்பொடி ஆழ்வார்தான். ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்து அரங்கனுக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தவரை தேவதேவி என்கிற தாசி பந்தயம் போட்டு மயக்குகிறாள். அவர் எல்லாவற்றையும் இழக்கிறார், வாசலுக்கு வெளியே தள்ளப்படுகிறார். கடைசியில் அரங்கன் பொன்வட்டிலைக் கொண்டுவந்து கொடுத்து, திருட்டுப் பட்டம் கிடைத்து, உண்மை வெளிப்பட்டு, இருவரும் அடியார்களாகிறார்கள்.

மயக்குகிற காட்சி இல்லாமல் இந்தக் கதையை எழுத முடியாது. ஆக சிருங்காரம் இங்கேயும் உண்டு. தாசி உண்டு. வீடு உண்டு, கட்டில் உண்டு. ஆனாலும் இது பாடப்புத்தகம் ஆகலாம். ஏன்? தப்பு செய்தவர் திருந்துகிறார். தாசி திருத்தப்படுகிறாள். முழுக்கதையும் ஆணின் வழுக்கலாகச் சொல்லப்படுகிறது. எழுதியவரும் ஆண்.

நம் தமிழிலேயே பாருங்கள். அதே பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது இருக்கிறது. விறலிவிடு தூது என்ற வகைக்கே அடிப்படை, தாசியிடம் போய்ப் பணத்தைத் தொலைத்தவன் வீட்டுக்காரியிடம் தூது அனுப்புவதுதான். சுப்ரதீபக் கவிராயர் எதையும் மூடிமறைத்து எழுதியவர் கிடையாது. அங்கேயும் தாசி மற்றவர் பார்வையில் வருகிறவள், ஏமாற்றுகிறவள். காட்சிக்குக் குறைவில்லை, பேனா மட்டும் அவள் கையில் இல்லை.

இதை ஒரு சுங்கச்சாவடி என்று வைத்துக்கொள்ளலாம். தடைபட்ட விஷயம் உள்ளே வரலாம், வரி கட்டிவிட்டு வர வேண்டும். வரி என்பது மனம் திருந்தல், தண்டனை, கண்ணீர், கடைசி அத்தியாயத்தில் சாமி. முத்துப்பழனி அந்த வரியைக் கட்டவில்லை. ராதை கடைசிவரை வருத்தப்படவில்லை, திருந்தவில்லை. மன்னிப்புக் கேட்டது கிருஷ்ணன்.

கல்லுக்கு விலக்கு

1911-ல் வழக்கு வந்தது. அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பாளர் கோடேட்டி கனகராஜு பந்துலு நூலில் ஆட்சேபகரமான பகுதிகள் இருக்கின்றன என்று சொன்னார். போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் பிரதிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். தெலுங்கு இதழொன்று, வேசி எழுதியதை இன்னொரு வேசி பதிப்பித்திருக்கிறாள் என்று எழுதித் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றியது. தெலுங்குப் பண்டிதர்கள் பலர் தடை கூடாது என்று அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எடுபடவில்லை.

சட்டம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் இது புரியும். 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 292-ஆம் பிரிவு ஆபாச நூல்களை விற்பதைக் குற்றமாக்கியது. எது ஆபாசம் என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. 1868-ல் இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கில் சொன்ன அளவுகோலையே இங்கேயும் பிடித்துக்கொண்டார்கள். யார் கையில் அகப்படலாமோ, அவர்களில் எளிதில் கெட்டுப்போகக்கூடியவர் மனதை இது கெடுக்குமா என்பதுதான் சோதனை. முழு நூலைப் படிக்க வேண்டியதில்லை, சில வரிகள் போதும். தெலுங்குக் கவிதையின் நாலு வரியைப் பிய்த்து இங்கிலீஷில் போட்டு ஒரு வெள்ளைக்கார அதிகாரி மேஜையில் வைத்தால் என்ன மிஞ்சும்? சிலேடை போகும், ராகம் போகும், ராதையின் துக்கம் போகும். உடம்பு மட்டும் நிற்கும்.

அதே 292-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. கோயிலில் செதுக்கியது, வரைந்தது, சாமி புறப்படும் தேரில் இருக்கிற சிற்பம், இவற்றுக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தாது. தேரைச் சுற்றி வந்து மரச்சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விலக்கு ஏன் தேவைப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்லிலும் மரத்திலும் இருந்தால் சமயம். தாளில் இருந்தால், அதுவும் ஒரு தாசி எழுதி இன்னொரு தாசி அச்சில் போட்டால், ஆபாசம்.

இந்த இடத்தில் ஆங்கிலேயரை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோவது சுலபம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். சட்டப் புத்தகம் அவர்களுடையது, சரி. முகப்பை வெட்டியது யார்? ஒதுக்கித் தள்ளியது யார்? மொழிபெயர்த்து ஆட்சேபித்தது யார்? எல்லாம் நம் ஆட்கள். அதிலும் நல்ல ஆட்கள், படித்தவர்கள், பெண்கள் முன்னேற வேண்டும் என்று மனதார நினைத்தவர்கள். இதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சினிமா கட்டிய வரி

புத்தகத்தை அச்சிட்ட பிறகுதான் பிடிக்க முடியும். சினிமா அப்படியில்லை. 1918-ன் ஒளிப்பதிவுச் சட்டப்படி, திரையிடுவதற்கு முன்பே சான்றிதழ் வாங்க வேண்டும். அதனால் சினிமாக்காரர்கள் அந்த வரியை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

1938-ல் கே. சுப்பிரமணியம் 'சேவாசதனம்' எடுத்தார். பிரேம்சந்த் நாவல், அம்புஜம்மாள் தமிழில் மொழிபெயர்த்தது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு முதல் படம். இளம்பெண்ணைக் கிழவருக்குக் கட்டிக்கொடுப்பது, சந்தேகம், நடுராத்திரியில் வீட்டைவிட்டு விரட்டுவது, போக்கிடமில்லாத பெண் எங்கே போய்ச் சேருவாள் என்பதெல்லாம் அதில் உண்டு. அன்றைக்கு வீட்டுத் திண்ணையில் பேச முடியாத விஷயங்கள். பெரிய துணிச்சல்தான், மறுக்கவே முடியாது. ஆனால் கதாநாயகி சேவையில் கரைந்து, புருஷன் மனம் மாறினால்தான் படம் முடியும்.

1954-ல் பரணி பிக்சர்ஸ் 'விப்ரநாராயணா'வைத் தெலுங்கில் எடுத்தது. பானுமதி தேவதேவி, நாகேஸ்வர ராவ் விப்ரநாராயணர். தேசிய விருதுகளில் பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. வீரேசலிங்கம் சிபாரிசு செய்த அதே கதைக்குச் சுதந்திர இந்தியாவும் சான்றிதழ் கொடுத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பானுமதி அந்தப் பாத்திரத்தில் அசத்தியிருப்பார். படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு ஆழ்வாரை விட தேவதேவிதான் நினைவில் நிற்பாள். வரி கட்டியாயிற்று, சரக்கும் உள்ளே வந்தாயிற்று.

கேலியாகச் சொல்லவில்லை. நம் சினிமா தொட முடியாத பல விஷயங்களைத் தொட்டது இந்த வழியில்தான். கடைசி ரீலில் கும்பிடு போட்டுவிட்டு, நடுவில் பதினான்கு ரீலில் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கிறவர்களும் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்தவர்களே. ஆனால் இந்த வழியில் வராமலே போன ஒரு குரல் உண்டு. தன்னைப் பற்றித் தானே பேசுகிற பெண்ணின் குரல், அவளே பேசியது.

மறுபக்கம்

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்துத் தேவதாசிகள் சங்கம் அமைத்தார்கள், மனுக் கொடுத்தார்கள். நாகரத்தினம்மாளும் எதிர்ப்புத் தரப்பில்தான் நின்றார். எங்கள் கலையும் சொத்துரிமையும் படிப்பும் போய்விடும், எங்களை எல்லாம் ஒரே சொல்லில் விபசாரி ஆக்கிவிடுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம்.

முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் அதே குலத்தில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதே வழக்கத்துக்காக வளர்க்கப்பட்டவர். அவர் 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று ஒரு நாவல் எழுதினார். தலைப்பே சொல்லிவிடும், அதில் அலங்காரம் கிடையாது. இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, யார் பிடித்துக்கொடுக்கிறார்கள், சிறுமிகளுக்கு என்ன ஆகிறது என்று உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது. நாகரத்தினம்மாளுக்கு வாய்த்த படிப்பும் பணமும் பேரும் நூற்றில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும் என்பதை இந்த நாவல் கேட்காமல் கேட்கிறது.

யார் சரி? எனக்கு இரண்டு பேரையும் விட முடியவில்லை. 'ராதிகா சாந்த்வனம்' படிக்கிறபோது ராதையின் பகுதிகளில் நான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அதே நூலில், அப்போதுதான் பருவம் எய்திய இளையை வர்ணிக்கிற இடங்களில் கையைப் பிசைந்திருக்கிறேன். தடை போட்டவர்கள் கூசியது வேறு காரணத்துக்கு. நான் கூசுவது வேறு காரணத்துக்கு. இளையைத் தயார்செய்து அனுப்புகிற ராதை ஒரு காவியப் பாத்திரம், ஆனால் ஒரு சிறுமியைத் தயார்செய்து அனுப்புகிற வீடுகள் நிஜத்திலும் இருந்தன. அதைத்தான் ராமாமிர்தம் அம்மையார் எழுதினார். தடை இல்லாததால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஒன்றைப் பூட்டி வைத்திருந்தால் இன்னொன்று எதற்குப் பதில் என்றே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

1947

தடையை நீக்கியவர் டங்குடூரி பிரகாசம், சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது. தெலுங்கு இலக்கியத்தின் ஆரத்தில் உதிர்ந்துபோன சில முத்துக்களைத் திரும்பக் கோக்கிறேன் என்ற பொருளில் அவர் சொன்னார். அதே 1947-ல், ஓமந்தூரார் ஆட்சியில், தேவதாசிகளைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஒரே மாகாணம், ஒரே வருஷம். தாசி எழுதிய புத்தகத்துக்கு விடுதலை, தாசி என்கிற முறைக்கு முடிவு. நூல் இலக்கியமாகிவிட்டது, எழுதியவரின் குலம் சரித்திரமாகிவிட்டது. ஒரு வேளை இரண்டும் சேர்ந்துதான் நடக்க முடியுமோ என்னவோ. எழுதுகிற ஆள் எதிரே நிற்காதபோது நமக்குத் தாராளம் வந்துவிடுகிறது.

வாவிள்ள பதிப்பகம் 1952-ல் நூலை மறுபடி வெளியிட்டது. அதே வருஷம் மே 19-ஆம் தேதி நாகரத்தினம்மாள் காலமானார்.

ஹிக்ளின் அளவுகோல் 1964-ல் சாட்டர்லி வழக்கிலும் நம் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. 2014-ல்தான் நீதிமன்றம் அதைக் கைவிட்டது. நூலை முழுசாகப் பார்க்க வேண்டும், இன்றைய சமூகத்தின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது. அதற்கடுத்த வருஷம் தொடக்கத்திலேயே 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகன் எழுத்தை நிறுத்துவதாக அறிவிக்க வேண்டி வந்தது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, எழுதச் சொன்னது. சட்டம் மாறியிருக்கிறது. நாலு பக்கத்தைத் தனியாக ஜெராக்ஸ் எடுத்து ஊரெல்லாம் கொடுக்கிற வேலை மாறவில்லை. 1911-ல் அந்த வேலையைச் செய்ய ஒரு சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று இருந்த காலத்தில் நாகரத்தினம்மாள் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகக் கச்சேரி நடத்தினார். பெண்கள் கட்சி என்றே அதற்குப் பெயர். பின்னாளில் மற்றக் கட்சிகளோடு சேர்ந்து ஒரே ஆராதனை ஆனது. இன்று பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம், அது அவர் வாங்கிக்கொடுத்த இடம். 1910-ல் முத்துப்பழனிக்கு அச்சில் ஓர் இடம் வாங்கிக்கொடுத்ததும் இந்த வேலையின் முதல் பகுதி என்றே நினைக்கிறேன். பக்தை வேறு, ஆபாசப் புத்தகம் போட்ட அம்மாள் வேறு என்று பிரிக்க அவசியமில்லை. இரண்டு இடத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான்: ஆண்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

அன்றைக்கு அந்தப் பேத்தியிடம் நான் ஏதும் சொல்லவில்லை. சின்னப் பெண், ஆராதனைக் கூட்டம், என்ன சொல்லிவிட முடியும்? இன்னும் பத்து வருஷம் கழித்து அவள் தேடினால் கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.